நிபுணர் உத்தரத்தில் இருக்கிறார்

வண்டுக்கு ஆபீஸ் உண்டு என்பது எனக்கு இந்த வயசில்தான் தெரிந்தது. மனுசனுக்கு இருக்கிற ஆபீஸ்களில் ஏறி இறங்கியே முட்டி தேய்ந்துவிட்டது, இதில் வண்டுக்கு வேறு. அதுவும் எல்லா வண்டுக்கும் இல்லை, ஒரே ஒரு வகைக்கு. அந்த வகையும் அசல் இல்லையாம். வாசல் போர்டிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது: போலி இருள்வண்டு ஆராய்ச்சி நிலையம்.

லாரி ஓட்டிய காலத்தில் போலி டயர் பார்த்திருக்கிறேன், போலி டீசல் பார்த்திருக்கிறேன், போலிச் செக்போஸ்ட்கூடப் பார்த்திருக்கிறேன். தானே போலி என்று போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்ததில்லை. அந்த நாணயம் எனக்குக் கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது, உள்ளே போகிற வரைக்கும்.

"அசல் இருள்வண்டுக்கு எங்கப்பா போகணும்?" என்று வாசலில் நின்ற பியூனிடம் கேட்டேன்.

"அது வேற டிபார்ட்மெண்ட், பெரியவரே. அவங்க எங்களோட பேசறதில்ல."

நான் அங்கே போய் நின்ற காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் நானும் என் தங்கச்சியும் மட்டும்தான். அவள் புருசன் போன பிறகு பெட்டியோடு வந்தவள், வந்த நாளிலிருந்து என்னைத் திருத்திக்கொண்டிருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து நடு அறையில் கட்டிலோடு விழுந்த பிறகும் திருத்துவதை நிறுத்தவில்லை. எழுந்து வர முடியாததால் தம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டிக் கூப்பிடுவாள். டொக், டொக். கொஞ்சம் விட்டு, டொக். முதல் இரண்டு தட்டுக்கு அர்த்தம் 'அண்ணே'. மூன்றாவது தட்டுக்கு அர்த்தம் 'செவிடா'. அநேகமாக டீக்குத்தான் கூப்பிடுவாள். டீயில் சர்க்கரை கொட்டிக் கிடக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் பாதித் தம்ளரை அப்படியே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

அவள் கட்டிலுக்கு நேர் மேலே உத்தரம். வீட்டின் மொத்த ஓடும் அந்த ஒரு கட்டையில்தான் நிற்கிறது. போன மழையில் ஒழுகி ஒழுகி அது கறுத்துப்போய், பக்கவாட்டில் காதுகாதாகக் காளான் முளைத்திருந்தது. தச்சரைக் கூட்டிவந்தேன். அவர் ஏணியில் ஏறி, சுத்தியல் பிடியால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"உள்ள ஒண்ணும் இல்லண்ணே. பழக்கத்துல நிக்குது" என்றார்.

புதுக் கட்டை சொல்லி, அது வாசலில் வந்து இறங்கியும்விட்டது. தங்கச்சியை முன் அறைக்கு மாற்றிவிட்டு மறுநாள் வேலை ஆரம்பிப்பதாகப் பேச்சு. அன்றைக்குப் பார்த்து உத்தரத்திலிருந்து ஒரு வண்டு அவள் தம்ளருக்குள் விழுந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் நீளம், கறுப்பு, உடம்பெல்லாம் பட்டு மாதிரி மெல்லிய மயிர். வெளியே எடுத்துப் போட்டால் குட்டிக்கரணம் அடித்து அடித்து ஓடியது. நான் செருப்பைத் தேடினேன். அவளைப் பார்க்க வந்திருந்த எதிர்வீட்டு வாத்தியார், "இருங்க இருங்க" என்று போனை எடுத்துப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினார். படித்தவர்களை வீட்டுக்குள் விடக் கூடாது என்று நான் சும்மாவா சொல்வது.

மறுநாள் தச்சர் வருவதற்கு முன்னால் அவர்கள் வந்துவிட்டார்கள். நிலையத்தின் டைரக்டர், அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பியூன். டைரக்டர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நாள் காணாமல் போன பிள்ளையைப் பார்ப்பது மாதிரி அவர் கண் கலங்கியது.

"பெரியவரே, இது சாதாரண வண்டு இல்ல. போலி இருள்வண்டுக் குடும்பத்துல ஒரு தனிப் பேரினம். குறைவாக ஆராயப்பட்ட பேரினம். எங்க நிலையமே இந்தப் பேரினத்துக்காகத்தான் இருக்கு. உயிரோட ஒண்ணை இப்பத்தான் பாக்கறோம்."

"பாத்துட்டீங்கல்ல. எடுத்துட்டுப் போங்க. எனக்கு வேலை கிடக்கு."

"கட்டையைத் தொடக் கூடாது. பேரின நிபுணர் வந்து பாத்து அபிப்பிராயம் சொல்ற வரைக்கும் இந்த அறையில எதுவும் மாறக் கூடாது." பிறகு தங்கச்சி பக்கம் திரும்பினார். "அம்மா ரொம்ப நாளா இங்கதானா?"

"இடுப்பு ஒடிஞ்சதுலேர்ந்து."

"நல்லது. ஜன்னல் சாத்தியேதான் இருக்குமா?"

"அவளுக்குக் காத்து ஒத்துக்காது."

"ரொம்ப நல்லது. அம்மா விடற மூச்சுல இருக்கிற ஈரம்தான் மேல அந்தக் காளானை வளர்த்திருக்கு. காளான் இருக்கிறதாலதான் வண்டு இருக்கு. அதனால அம்மாவையும் இடம் மாத்தக் கூடாது. அவங்க இப்ப சூழல்ல ஒரு பகுதி."

தங்கச்சி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "மூச்சை நிறுத்தணும்னா அதுக்கும் உங்ககிட்டக் கேக்கணுமா தம்பி?"

"தயவு செஞ்சு நிறுத்தாதீங்கம்மா" என்றார் டைரக்டர். அவர் சிரிக்கவில்லை.

போகும்போது கதவில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். தொட்டால் தண்டனை, கருவிகள் பறிமுதல். தச்சர் வாசலுக்கு வரும்போதே நோட்டீஸைப் படித்துவிட்டார். "உளியைப் பறிமுதல் பண்ணிட்டா நான் எதைக் கையில பிடிக்கறதுண்ணே?" என்று சொல்லி வந்த வழியே திரும்பினார். சாயங்காலம் நானும் வாத்தியாரும் தங்கச்சியைக் கட்டிலோடு தூக்கி முன் அறையில் போட்டோம். வாத்தியாருக்குக் குற்ற உணர்ச்சி, அதனால் கனமான பக்கத்தை அவரே பிடித்தார். காலையில் பியூன் தன்னோடு நாலு ஆட்களை அழைத்துவந்தான். மரியாதையாகச் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, "மன்னிச்சுக்குங்கம்மா" என்று சொல்லி, அவளைத் தலையணையோடு பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். தம்ளரைக்கூட இருந்த இடத்திலேயே வைத்தார்கள். மேலிருந்து மரத்தூள் பொழிந்து அவள் நெற்றியில் விழுந்தது. பியூன் குனிந்து, ஊதித் துடைத்துவிட்டான்.

நான் விடவில்லை. லாரி ஜாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. அதன் மேல் ஒரு கம்பத்தை நிறுத்தி உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். லோடு வண்டியைத் தூக்கிய ஜாக்கி, ஒரு கட்டையைத் தாங்காதா. பியூன் வந்து பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தான். "இயற்கையில முட்டு கிடையாதே, பெரியவரே" என்றான். ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் நான் நிலையத்துக்குப் போனேன். அந்த நிபுணர் யாரோ, அவர் காலில் விழுந்தாவது ஒரு அபிப்பிராயம் வாங்கிவிட வேண்டும் என்று.

கட்டடம் முழுக்கப் பூச்சி உருண்டை வாடை. நடைபாதையின் இரண்டு பக்கமும் இழுப்பறைகள். ஒன்றை இழுத்துப் பார்த்தேன். செத்த வண்டுகள் வரிசையாக ஊசியில் குத்தப்பட்டு நின்றன. எல்லாம் ஒரே மாதிரி. எல்லாம் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு. இழுப்பறையை மூடிய பிறகும் அவை என் முதுகைப் பார்ப்பது மாதிரியே இருந்தது.

நிபுணர் அறை கடைசியில். கதவு திறந்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலியின் முதுகில் ஒரு கோட்டு. மேஜையில் மூக்குக்கண்ணாடி, ஒரு பென்சில், ஆவி பறக்கிற டீ. ஆள் இல்லை.

"களப்பணியில இருக்கார்" என்றான் பியூன்.

"எப்ப வருவார்?"

"வர்றப்ப வருவார்."

"அப்ப டீ யாருக்கு?"

"அவருக்குத்தான். ஆறினா குடிக்க மாட்டார்."

வெளியே பெஞ்சில் ஓர் அம்மா மடியில் டிபன் கேரியரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளும் நிபுணருக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்து, "உங்க வீட்லயும் வண்டாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. நான் அவர் சம்சாரம்."

"அட. நல்லதாப் போச்சு. வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார்? நான் அங்கயே வந்து பாக்கறேன்."

அந்த அம்மா கேரியர் மூடியைத் துடைத்தபடி சொன்னாள். "அவர் செத்துப்போயிட்டார்ணே."

மின்விசிறிச் சத்தம் எனக்குத் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"எப்ப?"

"ரொம்ப நாளாச்சு. அந்த மேஜையிலயே தலையைச் சாய்ச்சவர்தான். இவங்கல்லாம் மலர்வளையம் கொண்டாந்து வச்சாங்க. டைரக்டர் அழுதார். மறுநாள் பியூன் வந்து மலர்வளையத்தைத் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டான். அவர் களப்பணியில இருக்கார், வளையம் வச்சது தவறுதலா நடந்துபோச்சுன்னு."

"இந்தச் சாப்பாடு?"

"தினம் கொண்டு வரச் சொன்னாங்க. சாப்பாடு வரலன்னா பக்கத்து ஆபீஸ்ல பேசுவாங்களாம். உள்ள வச்சுட்டு இங்க உக்காந்திருப்பேன். காலியாத்தான் திரும்பி வரும்."

"பியூன் தின்னிருப்பான்."

பியூனுக்குக் காது கூர்மை. "எனக்கு அல்சர், பெரியவரே. காரத்தைத் தொட மாட்டேன். வேணும்னா டாக்டரைக் கேளுங்க."

"உப்பு கம்மியாப் போட்ட அன்னிக்கு மட்டும் மிச்சம் வருது" என்றாள் அந்த அம்மா. "அவருக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கணும்."

எனக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். வண்டு இல்லை.

"உங்களுக்கு என்னம்மா வேணும் இவங்ககிட்ட?"

"ஒரு வாய் வார்த்தைண்ணே. 'செத்துட்டார்'னு அந்த டைரக்டர் வாயால சொல்லட்டும். அது போதும். இன்னும் வீட்ல ரெண்டு தட்டுதான் வச்சுக்கிட்டிருக்கேன். ஒரு தட்டை எடுத்து உள்ள வைக்கக் கை வர மாட்டேங்குது."

நான் நேராக டைரக்டர் அறைக்குள் போனேன். கூப்பிடும் வரைக்கும் காத்திருக்கிற பொறுமை அன்றைக்கு எனக்கு இல்லை.

"சார், உங்க நிபுணர் செத்துட்டாராமே."

டைரக்டர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "அப்படி ஒரு தகவல் அலுவலகத்துக்கு வரல."

"நீங்க அழுதீங்களாம்."

"தனிப்பட்ட முறையில அழுதேன். தனிப்பட்ட முறையில எனக்கு வருத்தம் உண்டு. அலுவலக ரீதியா அவர் நல்லா இருக்கார்." நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. நீங்க வயசானவர், சொன்னாப் புரிஞ்சுக்குவீங்க. உலகத்துல இருக்கிற வண்டுல பாதியை மத்தவங்க ஆராஞ்சு தீத்துட்டாங்க. ஆராஞ்சு முடிச்சதும் என்ன பண்ணாங்க? அந்த ஆபீஸைப் பூட்டிட்டாங்க. எங்க பேரினம் மட்டும்தான் இன்னும் குறைவாக ஆராயப்பட்டதா நிக்குது. அது தானா நிக்கல. எனக்கு முன்னால இருந்தவங்களும் நானும் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக் காப்பாத்தினது. யாராவது ஆர்வக்கோளாறுல ஆராஞ்சுட்டா அப்புறம் அது ஆராயப்பட்டது. நாங்க எதுக்கு?"

"யாரும் ஆராயறதே இல்லியா?"

"நிபுணர் ஒருத்தர்தான் கொஞ்சம் கை வச்சார். எவ்வளவோ சொன்னோம். கேக்கல. அவர் கண்டுபிடிச்சது ஒண்ணே ஒண்ணு, இந்தப் பேரினம் சத்தமே போடாது. அதோட நிறுத்திக்கிட்டார். அந்தப் பண்பு யாருக்கு வரும்? போன வருசம் ஒரு படிச்ச பொண்ணு வந்துச்சு. பூதக்கண்ணாடியில பாக்கணும்னு ஒரே அடம். நல்ல வார்த்தை சொல்லி, கல் மண் ஆராயற பக்கம் திருப்பி அனுப்பினோம். இப்ப சந்தோசமா இருக்காம்."

"என் தங்கச்சி மேல உத்தரம் விழுந்தா?"

"நிபுணர் திரும்பி வந்ததும் முதல் வேலை உங்களுதுதான்."

நான் வீடு திரும்பியபோது தங்கச்சி கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அண்ணே, மேல யாரோ தட்டறாங்க."

"எலி."

"எலி இப்படி யோசிச்சு யோசிச்சுத் தட்டாது."

நானும் கேட்டேன். ஒரு தட்டு. நீண்ட இடைவெளி. இன்னொரு தட்டு. மழை வலுத்தால் நின்றுவிடும். மழை விட்டதும், விட்ட வேலையைத் தொடர்வது மாதிரி ஆரம்பிக்கும். சத்தமே போடாத வண்டு என்று படித்தவர் சொன்னாரே, அப்படியானால் இது என்ன என்று மறுநாள் டைரக்டரைக் கேட்டேன். "வண்டு இல்லன்னா அது எங்க துறையில வராது" என்றார். பெஞ்சில் இருந்த அந்த அம்மாதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு தட்டு, நிறுத்தி, இன்னொரு தட்டா?"

"ஆமா."

"யோசிக்கறப்ப அவர் பென்சிலால மேஜையை அப்படித்தான் தட்டுவார். அந்த மேஜையில பள்ளமே விழுந்திருக்கு."

போய்ப் பார்த்தேன். பென்சிலுக்குப் பக்கத்தில், மேஜையில், விரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம். அதில் புதிதாக மரத்தூள் இருந்தது.

இருமல் அந்த வாரம்தான் தங்கச்சிக்குப் பிடித்தது. ஜன்னலைத் திறக்கக் கூடாது, அடுப்பைப் பக்கத்தில் வைக்கக் கூடாது, சூழல் கெட்டுவிடும் என்று பியூன் காலையும் மாலையும் வந்து எட்டிப் பார்த்தான். டாக்டர் வந்தார். ஈரம் இல்லாத அறைக்கு மாற்றுங்கள் என்று சொன்னவர், வெளியே போகும்போது நோட்டீஸைப் படித்துவிட்டு, மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அப்போதுதான் கமிட்டி வந்தது. ஒரு நாள் காலையில் டைரக்டர் சட்டையெல்லாம் வியர்வையாக என் வாசலில் நின்றார்.

"பெரியவரே, மேலிடத்துலேர்ந்து கமிட்டி வருது. நிபுணர் இருக்காரா இல்லியான்னு நேர்ல பாக்கணுமாம். களத்துல இருக்கார்னு சொல்லிட்டேன்."

"எந்தக் களத்துல?"

"எங்களுக்கு இருக்கிற களம் உங்க வீடு ஒண்ணுதான்."

அவர் போனதும் நான் தங்கச்சியிடம் சொன்னேன். "வரட்டும். 'செத்துட்டார்'னு நான் சொல்றேன். இந்த வாயால சொல்றேன். ஆபீஸைப் பூட்டுவாங்க, நோட்டீஸைக் கிழிப்பாங்க, சாயங்காலத்துக்குள்ள உன்னை முன் அறைக்குத் தூக்கிடறேன்." அந்த அம்மாவுக்கும் சொல்லியனுப்பினேன். அவள் கேட்ட வார்த்தையைக் கமிட்டி முன்னாலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்று.

கமிட்டியின் தலைவர் மூக்கில் கைக்குட்டையோடு உள்ளே வந்தார். பின்னால் டைரக்டர், அவர் பின்னால் பியூன், வாசல் ஓரமாகக் கேரியரோடு அந்த அம்மா. தங்கச்சி கட்டிலில். அவள் தம்ளரை நான் ஜன்னல் திட்டில் வைத்திருந்தேன், அது அவள் கைக்கு எட்டாது. இதை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

"நிபுணர் எங்கே?" என்றார் தலைவர்.

நான் வாயைத் திறந்தேன். மேலே ஒரு தட்டு.

எல்லோரும் அண்ணாந்தார்கள். நீண்ட இடைவெளி. இன்னொரு தட்டு. தலைவரின் தோளில் மரத்தூள் உதிர்ந்தது.

"மேலே யார்?"

டைரக்டர் பியூனைப் பார்த்தார். தங்கச்சிதான் இருமலுக்கு நடுவில் சொன்னாள். "அவர்தான். வேலையா இருக்கார்."

அந்த அம்மா மெல்ல முன்னால் வந்து உத்தரத்துக்கு நேர் கீழே நின்றாள். கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஏங்க," என்றாள், பக்கத்து அறையில் இருப்பவரைக் கேட்பது மாதிரி, "நேத்து உப்பு சரியா இருந்துச்சா?"

டொக்.

தலைவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "பதில் தருகிறார். பணியில் இருக்கிறார். தெளிவாக இருக்கிறது" என்று உதவியாளருக்குச் சொல்லி எழுத வைத்தார். பிறகு டைரக்டரின் கையைக் குலுக்கினார். "இந்தக் காலத்தில் இவ்வளவு உள்ளே இறங்கி வேலை செய்கிறவர் யார் இருக்கிறார்? இப்படிப்பட்டவர் இருக்கும் வரைக்கும் நிலையத்துக்கு ஒரு குறையும் வராது."

டைரக்டர் கும்பிட்டார். தலைவரைக் கும்பிட்டாரா, உத்தரத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. முகம் சுண்ணாம்பாக இருந்தது.

அவர்கள் போன பிறகு நான் தங்கச்சியைக் கடிந்துகொண்டேன். "எல்லாத்தையும் கெடுத்துட்டியே. ஒரு வார்த்தை. நான் சொல்லியிருப்பேனே."

"அந்தம்மா முகத்தைப் பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா சொல்லியிருப்ப?"

அவள் தம்ளரை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தேன். அவள் குடிக்கவில்லை. இருமல் விடவில்லை.

உத்தரம் கடைசிவரைக்கும் விழவில்லை. அது பழக்கத்தில் நின்றது. அவள்தான், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது, நின்றுபோனாள். தம்ளர் தட்டும் என்று அடுப்படியில் காத்திருந்தேன். ரொம்ப நேரம் தட்டாததால் போய்ப் பார்த்தேன்.

டைரக்டர் மலர்வளையத்தோடு வந்தார். தனிப்பட்ட முறையில் அழுதார். மறுநாள் பியூன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"வளையத்தைக் கேட்டாங்க, பெரியவரே. அம்மா பேரு சூழல்ல சேந்திருக்காம். அவங்க இல்லன்னு எழுதினா காளான் இல்லன்னு எழுதணும், காளான் இல்லன்னா வண்டு இல்ல. அதனால அம்மா களப்பணியில..."

முழுக்கச் சொல்லவிடவில்லை. வளையத்தை அவன் முகத்தில் எறிந்தேன். எறிந்த பிறகு அவனுக்கு அல்சர் என்பது ஞாபகம் வந்து, உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவன் குடித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வளையத்தை எடுத்துப் போனான்.

கொஞ்ச நாள் கழித்து டைரக்டரே மறுபடி வந்தார். கதவில் இருந்த நோட்டீஸைத் தன் கையால் பிரித்து எடுத்தார்.

"இனிமே உங்க வீடு எங்களுக்குத் தேவைப்படாது. கமிட்டி வந்து பாத்ததால, கணக்குப்படி இது ஆராயப்பட்ட இடம் ஆயிடுச்சு. எங்களுக்கு வேண்டியது குறைவாக ஆராயப்பட்ட இடம். உங்க இஷ்டம் போல மாத்திக்கலாம்." உத்தரத்தைப் பார்க்காமலேயே சொன்னார். நோட்டீஸை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, மழையில் குடையில்லாமல் வேகமாக நடந்தார்.

அவ்வளவுதான். அதற்காகத்தானே ஏறி இறங்கினேன். கேட்காமலேயே கிடைத்துவிட்டது. யாருக்காகக் கேட்டேனோ அவள் கட்டில் காலியாக இருந்தது.

தச்சர் வந்தார். வாசலில் நனைந்துகொண்டிருந்த புதுக் கட்டையைத் துடைத்து உள்ளே இழுத்துப் போட்டார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ரம்பத்தை உத்தரத்தில் வைத்தார். ஒரு இழுப்பு இழுத்திருப்பார்.

டொக், டொக்.

தச்சர் கையை நிறுத்தினார். நான் ஏணியை இறுக்கிப் பிடித்தேன். நிபுணர் தட்டு இல்லை இது. அவர் இத்தனை வேகமாகத் தட்ட மாட்டார்.

கொஞ்சம் விட்டு, டொக்.

'செவிடா.'

"அண்ணே, உள்ள ஏதோ..." என்றார் தச்சர்.

"உள்ள ஒண்ணும் இல்லன்னு நீதானப்பா சொன்ன."

"சொன்னேன்..."

"இறங்கு."

"விழுந்துரும்ணே."

"விழாது. பழக்கத்துல நிக்கும். நீ இறங்கு."

அவர் ரம்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தபடி போனார். டைரக்டர் கொடுத்துவிட்டுப் போன நோட்டீஸ் மடித்தபடியே சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பசை தடவி, கதவில் பழைய இடத்திலேயே நானே ஒட்டினேன். ஓரம் தூக்காமல் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன்.

வாத்தியார் அவ்வப்போது வருகிறார். கூரையைப் பார்த்துவிட்டு வாசலோடு நின்றுகொள்கிறார். "எதுக்கு இன்னும் இந்த அறையைச் சாத்தியே வச்சிருக்கீங்க? தங்கச்சி போயாச்சு" என்று ஒரு நாள் சொன்னார்.

"அப்படி ஒரு தகவல் எனக்கு வரல" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று எனக்கு உறைத்தது. திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

நிபுணர் சம்சாரம் இப்போது கேரியரை நேராக இங்கேயே கொண்டுவந்துவிடுகிறாள். வாய் வார்த்தை வேண்டும் என்று இப்போது கேட்பதில்லை. சாப்பாட்டைத் திறந்து கட்டிலில் வைப்பாள், நான் பக்கத்தில் டீயை வைப்பேன். இரண்டு பேரும் முன் அறையில் போய் உட்கார்ந்திருப்போம். உள்ளே மரத்தூள் உதிர்கிற சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் தட்டு கேட்கும். "வர்றேன், வர்றேன்" என்று நான் எழுந்து போவேன்.

தம்ளர் காலியாகத்தான் இருக்கும். சர்க்கரை குறைந்த அன்றைக்கு மட்டும் பாதி மிச்சம் இருக்கும்.